ஏழாவது சென்டிமீட்டர்

சுல்மிரா பின்கழுத்தைக் காட்டிக் குனிந்தாள்.
கத்தரிக்கோலை ஸ்பிரிட்டில் துடைத்து
பென்சில் கனத்துக்கு ஒரு கற்றை
தோலை ஒட்ட வெட்டினேன்.
வேர்ப்பக்கம் மாறிவிடாமலிருக்க
சிவப்பு நூலால் ஒரு முடிச்சு.
"இதுக்குக் காசு உண்டா, டொட்டோரா?"
"இல்லை."
"அப்படின்னா கொஞ்சம் அழகா வெட்டியிருக்கலாம்."

ஃபுன்ஷால் சந்தையில், பளிங்கு மேடையில்
அவள் விற்பது கருவாளை.
ஆயிரம் மீட்டர் ஆழத்தில், இரவில்,
கணவாய்த் துண்டுக்கு வாய் திறப்பது.
மேலே வர வர அழுத்தம் குறைந்து
படகைப் பார்க்குமுன்பே செத்துப்போகும்.
யாரோ கழற்றிப்போட்ட ஈரத் தோல்பெல்ட் போல் உடம்பு.
கண் மட்டும் தட்டு தட்டாய்
இத்தனை வெளிச்சம் எதற்கு என்பது போல.

வாழைப்பழம் பொரித்து மேலே வைத்து
சுற்றுலாக்காரர்களுக்குப் பரிமாறுவார்கள்.
சுல்மிரா வீட்டில் வாழைப்பழம் கிடையாது.
பூண்டு, வினிகர், சோளக்களி.
வாரத்தில் ஐந்து நாள்.
விற்காதது வீட்டுக்கு.

சிறிது தின்றதைப் பெரிது தின்று
ஒவ்வொரு வாயிலும் கொஞ்சம் கூடி
கடைசி வாய்க்கு வந்து சேர்கிறது பாதரசம்.
எரிமலை கக்கியதா
எங்கோ எரிந்த நிலக்கரியா,
மீனைக் கேட்டுப் பயனில்லை.

மயிர் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும்.
கணக்கு அவ்வளவுதான்.
சிவப்பு நூலிலிருந்து பன்னிரண்டு துண்டு.
இயந்திரம் ஒவ்வொன்றாய் எரித்து எண் சொன்னது:
பதினொன்று, பன்னிரண்டு, பதினொன்று, பன்னிரண்டு,
ஒன்பது, ஏழு,
ஏழாவதில் ஐந்து.
பிறகு ஏழு, பத்து, மறுபடி பன்னிரண்டு.

கருவி தவறென்று நினைத்தேன்.
மிச்சமிருந்த மயிரை எடுத்து
மறுபடி எரித்தேன்.
ஐந்து.

சந்தைக்குப் போனபோது
குடலை வழித்துக்கொண்டிருந்தாள்.
மார்ச் மாதம் என்ன சாப்பிட்டீர்கள் என்றேன்.
கத்தி நின்றது.
"ததேயு லிஸ்பனில் கிடந்தான்.
முதுகெலும்பு.
பத்து வாரம் நாற்காலியில் தூங்கினேன்.
கேன்டீனில் கோழி சூப், கோழி சூப், கோழி சூப்."
காகிதத்தில் என் விரல் நின்ற பள்ளத்தைப் பார்த்தாள்.
"ஆக, அந்தப் பத்து வாரம்தான்
நான் நல்லா இருந்திருக்கேன், இல்லையா?"
சிரித்தாள்.
பக்கத்து மேடைக்காரனும் சிரித்தான், எதற்கென்று தெரியாமல்.
எனக்கு எழுத வேண்டிய துண்டறிக்கை பாக்கி இருந்தது.

எழுதினேன்.
கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், சிறு பிள்ளைகள்
வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம்.
ஈரலை எறிந்துவிடவும், காட்மியம் அங்கே தங்கும்.
பொரித்தாலும் அவித்தாலும் பாதரசம் போகாது.
விற்பனையைப் பாதிக்காதபடி மாற்றச் சொன்னார்கள்.
'வேண்டாம்' என்பதை 'தவிர்ப்பது நல்லது' ஆக்கினேன்.
அன்றிரவு எனக்குத் தூக்கம் வந்தது,
அதைத்தான் சொல்ல வெட்கமாயிருக்கிறது.

சுல்மிரா கண்ணாடி போட்டு முழுதும் படித்தாள்.
"எதைத் தின்னக்கூடாதுன்னு இருக்கு.
எதைத் தின்னணும்னு எங்கே?"
என் பேனாவைப் பிடுங்கி
செதில் ஒட்டிய கையால் அடியில் எழுதினாள்:
சின்ன அயிலை. விலை பாதி.
மூன்றாவது மேடை, இவோன்.

இவோன் அவள் மருமகள். ஆறு மாதம்.
மேடை விளிம்பில் வயிறு இடிக்காமல்
பக்கவாட்டில் நின்று எடை போடுகிறவள்.

நான் அரைக் கிலோ அயிலை வாங்கினேன்.
திரும்பும்போது
சுல்மிரா கருவாளையின் மேல் குனிந்திருந்தாள்.
பின்கழுத்தில் நான் வெட்டிய இடம்
குட்டையாய், விறைப்பாய்,
ஒன்றரை சென்டிமீட்டர் வளர்ந்திருந்தது.
அதில் என்ன இருக்கிறதென்று
நான் கேட்கவில்லை.